பதினொன்றே கால் படகு

சுள்ளிக்கல் சந்திப்பு. அதிகாலை நான்கு மணி. டிசம்பர். மாடி வராந்தாக்களில் காகித நட்சத்திரங்கள் எரிகின்றன. ஒன்று மட்டும் விட்டுவிட்டு மினுங்குகிறது. மூடிய பேக்கரியின் படியில் பைகள், இரண்டு டிபன் கேரியர், ஒரு கட்டு வாழையிலை, வாந்திக்கென்று மடித்து வைத்த பாலிதீன் கவர்கள்.

பத்து வயதுப் பையன் கழுத்தில் பைனாகுலர். அதை வைத்து எதிர்க் கடையின் ஷட்டரைப் பார்க்கிறான். பிறகு தெருநாயைப் பார்க்கிறான். நாய் கொட்டாவி விடுகிறது.

டெம்போ டிராவலர் வந்து நிற்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி கையில் பட்டியல். பேரைப் படித்து டிக் அடிக்கிறார். தன் பேரையும் படிக்கிறார். "ஆஜர்" என்று தானே சொல்லித் தானே டிக் அடிக்கிறார்.

"எல்லாரும் கேறியோ?"

ஏறவில்லை. பையனின் அப்பத்தா இன்னும் படியில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். கம்பத்தில் பிறந்தவள். சுள்ளிக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மடியில் ஒரு துணிப்பை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தோப்பும்படி பாலம். கீழே இருட்டுத் தண்ணீர், அதில் மீன்பிடி படகுகளின் விளக்கு. அடுத்து வில்லிங்டன் தீவு. ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்காகத் தூர்வாரிய மண்ணில் எழுந்த தீவு. கிடங்குக் கூரைகளுக்கு மேலே ஒரு சுற்றுலாக் கப்பலின் விளக்கு வரிசை. அடுக்கடுக்காக ஜன்னல்கள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள்.

பகலானால் அந்தக் கப்பலின் ஆட்கள் இறங்கி ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்கு வருவார்கள். சந்தில் காயும் துணியைப் படம் எடுப்பார்கள். கிடங்கு முற்றத்தில் சுக்கு புடைக்கும் பெண்களைப் படம் எடுப்பார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி வேனின் மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். இன்று அவளுக்கு லீவு. செல்போனை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் கப்பலைப் படம் எடுக்கிறாள். விளக்கு கோடாக இழுபட்டு விழுகிறது. அழித்துவிட்டு மறுபடி எடுக்கிறாள்.

கோட்டயம் வரை தூக்கம். முண்டக்கயத்தில் ரப்பர் மரங்களும் அப்பமும் கடலைக்கறியும். அங்கிருந்து ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள். பாலிதீன் கவர்கள் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குக் கைமாறுகின்றன. வளஞ்ஞாங்கானம் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. அதை வேனின் ஒரு பாதிதான் பார்க்கிறது. மறுபாதி எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருக்கிறது.

குட்டிக்கானத்துக்கு மேல் தேயிலை. எதிரே வரும் வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி. முன்னால் மாலை, மேலே மூட்டை, ஜன்னலில் கறுப்பு வேட்டி காய்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல் பதிவு எண்கள். சபரிமலைப் பருவம்.

வண்டிப்பெரியாற்றில் ஒரு பாலம். அடியில் ஆறு. அகலம் பெரிது, தண்ணீர் கொஞ்சம். டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் தாண்டுகிறார்.

குமுளி. டீக்கடை பெஞ்சில் இரண்டு நாளிதழ்கள். ஒன்று மலையாளம், ஒன்று தமிழ். இரண்டிலும் முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டம். அடிக்கணக்கில் ஒரே எண். மலையாளப் பத்திரிகையைப் படிப்பவர் உச்சுக்கொட்டி மடித்து வைக்கிறார். தமிழ்ப் பத்திரிகையைப் படிப்பவர் எண்ணின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டி இன்னொரு டீ சொல்கிறார்.

காட்டுக்குள் வேன் போகக் கூடாது. ஆனவாச்சாலில் நிறுத்தவேண்டும். பெரிய மைதானம். அணையின் நீர்ப்பிடிப்பு நிலத்தில் இதை அமைத்தார்கள் என்று தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மைதானத்தில் இப்போது நிற்பதில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு வண்டிகள். வரிசையாக நிறுத்தச் சொல்லி ஒருவர் விசில் ஊதுகிறார்.

வனத்துறை பேருந்து. சிற்றுண்டிப் பைகள் பற்றி எச்சரிக்கை. குரங்கு பற்றி எச்சரிக்கை. பிளாஸ்டிக் பற்றி எச்சரிக்கை. இறங்கிய இடத்தில் குரங்கு, பிளாஸ்டிக் பையிலிருந்து சிற்றுண்டி தின்கிறது.

படகுத்துறைக்கு நடைபாதை. இரு பக்கமும் மரம். மலை அணில் ஒன்று உச்சிக்கிளையில் வாலைத் தொங்கவிட்டுக் கிடக்கிறது. செம்பழுப்பு உடல், கறுப்பு முதுகு, பூனை அளவு. கூட்டம் அதன் அடியில் நடந்துபோகிறது. புலி பார்க்கும் அவசரம். பையன் மட்டும் நின்று பைனாகுலரைத் தூக்குகிறான். அவனுடைய அப்பா அவன் காலரைப் பிடித்து இழுத்துப் போகிறார்.

பெரியார் புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். 1934-இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயம். 1950-இல் பெரியார் வனவிலங்குச் சரணாலயம். 1978 முதல் புலிகளுக்கு. வரவேற்புப் பலகையில் புலிதான் பெரிதாக இருக்கிறது. அதன் முன்னால் படம் எடுக்க வரிசை. காட்டைச் சுற்றி வந்து ஒரு புலியைக் கண்டவர்கள் குறைவு. பலகையைக் காணாமல் போனவர் யாருமில்லை.

பதினொன்றே கால் படகு. இரண்டு தளம். ஏறும் வாசலில் ஆரஞ்சு நிற உயிர்க்காப்புச் சட்டைகள் குவியலாகக் கிடக்கின்றன. ஊழியர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் மாட்டி, இடுப்பு வாரை இழுத்துப் பூட்டுகிறார். இழுப்பில் தயவு இல்லை.

2009 செப்டம்பர் 30, மாலை. 'ஜலகன்யகா' என்ற படகு இந்த ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கு தெரிந்தது, எல்லோரும் ஒரே பக்கம் போனார்கள் என்று அப்போது சொன்னார்கள். அதன்பிறகு சட்டை கட்டாயம். எழுந்து நிற்பதும் கிடையாது. இருக்கை எண் உண்டு.

மேல்தளத்தில் பாதி இருக்கைகளில் ஐயப்ப பக்தர்கள். கறுப்பு வேட்டி, துளசி மாலை, அதற்கு மேல் ஆரஞ்சுச் சட்டை. மாலை சட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒரு சாமி அதை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். வார் தடுக்கிறது. பக்கத்துச் சாமி உதவுகிறார்.

"சாமி, உக்காருங்க சாமி."

ஊழியர் உட்காரச் சொல்கிறார். சாமி உட்காருகிறார். அடுத்த சாமி எழுகிறார்.

"சாமி..."

படகு நகர்கிறது. நடுஏரியில் மொட்டை மரங்கள் நிற்கின்றன. இலை இல்லை, கிளை இல்லை. வெளுத்த கறுப்புத் தூண்கள். தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பறவை. நீர்க்காகம். பாம்புத்தாரா. சிறகை விரித்துக் காயவைத்தபடி.

1895-இல் ஜான் பென்னிகுயிக்கின் முல்லைப்பெரியாறு அணை எழுந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும். தண்ணீர் பின்னோக்கி ஏறிப் பள்ளத்தாக்கை நிரப்பியது. அப்போது முழுகிய காட்டின் மரங்கள் இவை. இன்னும் விழவில்லை. 26 சதுர கிலோமீட்டர் தண்ணீர். அதன்மேல்தான் படகு போகிறது. மரங்களை யாரும் படம் எடுப்பதில்லை. விலங்குக்காக பேட்டரியைச் சேமிக்கிறார்கள்.

அப்பத்தா ஓரத்து இருக்கை. கரையைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்க்கிறாள். கம்பிக்கு மேலே கையை நீட்டுகிறாள். எட்டாது.

"இதுதான்டா எங்கூர்ல வயலுக்குப் பாயற தண்ணி."

பேரன் பைனாகுலரை எடுக்காமலே "ம்" என்கிறான்.

முன் வரிசையில் செக்ரட்டரி திரும்புகிறார். சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

"அம்மச்சி, இது பொட்டியால் நம்மளொக்கெ ஒலிச்சுப் போகும். சுள்ளிக்கல் வரெ."

"எங்க தாத்தா காலத்துலருந்து நிக்குது. நீ பேசாம கரையப் பாரு."

செக்ரட்டரி கரையைப் பார்க்கிறார்.

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே ஒப்பந்தம். 999 ஆண்டுகளுக்கு. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறது. அங்கே நெல்லும் திராட்சையும் பென்னிகுயிக் என்று பேர் வைத்த பிள்ளைகளும். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள். மேற்கே அதே தண்ணீர் மிஞ்சினால் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, இடுக்கி. அங்கே இரவில் மதகு திறந்தால் தூக்கம் கிடையாது. அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 1979-இல் 136-க்கு இறக்கினார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142-க்கு அனுமதித்தது. அடிக்கு அடி வழக்கு. 2011 டிசம்பரில் அணைத் தகராறில் இதே குமுளியின் எல்லையில் வண்டிகள் போகவில்லை.

எதிரே ஒரு சின்னப் படகு. தமிழ்நாட்டு அதிகாரிகள் அணைக்குப் போகிறார்கள். மடியில் கோப்பு. உயிர்க்காப்புச் சட்டை அவர்களுக்கும் ஆரஞ்சுதான். சாமிகள் கையசைக்கிறார்கள். அதிகாரிகளில் ஒருவர் பதிலுக்குக் கையசைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துக் கையை இறக்கிக்கொள்கிறார்.

நீர்நாய்கள். ஐந்தோ ஆறோ. கரைச் சேற்றில் உருள்கின்றன. ஒன்றின் வாயில் மீன், வால் இன்னும் துடிக்கிறது. "கீரிப்பிள்ளை" என்று ஒரு குரல். "இல்ல, நாய்." "தண்ணியில என்ன நாய்?" விவாதம் முடிவதற்குள் அவை முழுகிவிடுகின்றன. வட்டங்கள் மிஞ்சுகின்றன.

புல்சரிவில் மூன்று மிளா. தலை தூக்குகின்றன. தலை குனிகின்றன. படகு தினமும் முதலாவது 7.30-க்கு வரும், கடைசி 3.30-க்கு. மிளாவுக்கு நேரம் தெரியும்.

அதன்பின் அரை மணி நேரம் எதுவும் இல்லை. மழைக்குப் பிறகு ஏரி நிறைந்திருக்கிறது. காட்டுக்குள் ஓடைதோறும் தண்ணீர். கரைக்கு வரவேண்டிய தேவை விலங்குக்குக் கிடையாது. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் வற்றும்போது வரும். பள்ளி விடுமுறை டிசம்பரில் வருகிறது.

ஒருத்தி பாட்டியின் தோளில் தூங்குகிறாள். புதுமணத் தம்பதி தங்களையே படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னணியில் காடு கலங்கலாக. சுக்குக் கிடங்குப் பெண் முறுக்குப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்க முயல்கிறாள். படகு முழுவதும் திரும்பிப் பார்க்கிறது.

"அங்கே!"

எதிர்க்கரையில், புல்லும் மரமும் சேரும் கோட்டில், ஒரு கறுப்புப் புள்ளி. ஆறேழு போன்கள் ஒரே நேரத்தில் உயர்கின்றன. திரையில் விரல் வைத்து விரிக்கிறார்கள். புள்ளி சதுரம் சதுரமாக உடைகிறது. யானை என்கிறார் செக்ரட்டரி. காட்டுமாடு என்கிறார் டிரைவர். பையன் பைனாகுலரின் திருகைத் திருப்புகிறான். நிதானமாகப் பார்க்கிறான்.

"பாறை."

யாரும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்கிறான். படகு நெருங்குகிறது. பாறைதான் போலிருக்கிறது. போன்கள் இறங்குகின்றன. ஊழியர் மட்டும் புன்னகையுடன் அந்தப் பக்கமே பார்க்கிறார்.

பாறையின் காது அசைகிறது.

மேல்தளம் மொத்தமும் எழுகிறது. "உக்காரு, உக்காரு!" ஊழியரின் குரல் உடைகிறது. இரண்டு கையையும் விரித்து இடைவழியில் நிற்கிறார். ஒருவர் தோளை அமுக்குகிறார். இன்னொருவரின் உயிர்க்காப்பு வாரைப் பிடித்து உட்காரவைக்கிறார். எல்லோரும் உட்காருகிறார்கள். ஒரு சாமி மட்டும் உட்கார்ந்தபடியே கைகளைத் தலைக்கு மேல் குவிக்கிறார்.

"சாமியே..."

"சரணம் ஐயப்பா!"

மலையில் மோதித் திரும்புகிறது. யானை மூங்கிலை வாயில் வைத்தபடி நிற்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறது. மரங்களுக்குள் போகிறது. எல்லோருடைய போனிலும் அந்தப் பின்பக்கம் இருக்கிறது. பையன் பைனாகுலரை மடியில் வைத்துக்கொள்கிறான். அதற்கப்புறம் அதை எடுக்கவில்லை.

கரையேறிய பின் கட்டுச்சோறு. புளிச்சோறு, மீன் வறுவல், மோர்மிளகாய். குரங்குகள் சுற்றி உட்கார்ந்து விருந்தாளிகளைப் போலக் காத்திருக்கின்றன.

இரண்டு மணிக்குக் காட்டு நடை. பெயர் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். வந்தவர்கள் ஐந்து. மற்றவர்கள் அட்டை என்ற சொல்லைக் கேட்டதும் குமுளிக் கடைவீதிக்கு மனம் மாறுகிறார்கள். முழங்கால் வரை வரும் துணி உறை கொடுக்கிறார்கள். செருப்புக்கு மேல் போடக் கூடாது, உள்ளே போடவேண்டும். செக்ரட்டரி மேலே போட்டு, கழற்றி, உள்ளே போடுகிறார்.

வழிகாட்டி மன்னான் குடியைச் சேர்ந்தவர். பேச்சில் தமிழும் மலையாளமும் பிரிக்கமுடியாமல் கிடக்கின்றன. அவருடைய ஆட்களுக்கு ஏரியில் மீன் பிடிக்க உரிமை உண்டு. கையில் கம்பு, தோளில் சின்னப் பை. கயிற்றை இழுத்து மூங்கில் தெப்பத்தை ஓடைக்குக் குறுக்கே நகர்த்துகிறார். தெப்பம் இரண்டு விரல் முழுகுகிறது. செக்ரட்டரி பட்டியல் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார்.

அக்கரையில் வேறொரு குழு எதிரே வருகிறது. வெள்ளைக்காரர்கள் இருவர், கூடாரச் சுமை, துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர், முன்னால் இரண்டு நடுவயது வழிகாட்டிகள். 'புலித்தடம்' என்ற காட்டுநடை போய் இரவு தங்கித் திரும்புகிறவர்கள். அந்த வழி நடத்துகிற ஆட்கள் ஒரு காலத்தில் இதே காட்டில் இலவங்கப்பட்டை இனத்து வயண மரத்தின் பட்டையை உரித்துக் கடத்தினார்கள். தலையில் வழக்குகள். 1990-களின் பின்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சரணடைந்தார்கள். வழக்குகள் போயின. அதே ஒற்றையடிப் பாதைகளில் சம்பளத்துக்கு நடக்கிறார்கள். இரு குழுவும் ஒதுங்கி வழி விடுகின்றன. வெள்ளைக்காரர் "டைகர்?" என்று கேட்கிறார். செக்ரட்டரி "எலிபன்ட்" என்கிறார். கையால் அளவு காட்டுகிறார்.

வழிகாட்டி குனிந்து உதிர்ந்த இலை ஒன்றை எடுக்கிறார். கசக்கிச் சுக்குக் கிடங்குப் பெண்ணிடம் நீட்டுகிறார். அவள் மோந்து பார்க்கிறாள். கண்ணை மூடவில்லை. தொழில் மூக்கு.

"கும்பிளப்பத்தின்ட எல."

வயண இலையில் பலாப்பழ மாவை மடித்து அவிப்பது அவள் வீட்டு வழக்கம். வழிகாட்டி முதல்முறையாகச் சிரிக்கிறார். "பட்டைய உரிச்சா மரம் செத்துரும்" என்கிறார். வேறு எதுவும் சொல்லவில்லை.

குங்கிலிய மரத்தின் காயத்தில் கறுத்த பிசின். யானை லத்தி, நேற்றையது. புலி நகம் தேய்த்த மரம். உயரம் செக்ரட்டரியின் தலைக்கு மேல். அவர் பக்கத்தில் நின்று அளந்து பார்க்கிறார். பிறகு நடுவில் வந்து நடக்கிறார். இதுவரை முன்னால் நடந்தவர்.

மேலே மரம் அறுப்பதுபோல் ஒரு ஓசை. நெருங்குகிறது. இருவாச்சி ஒன்று சிறகடித்துக் கடக்கிறது. மஞ்சள் அலகு, அதன்மேல் கொம்பு. அந்த ஐந்து பேரும் வாயைத் திறந்து நிற்கிறார்கள். ஒரு போன்கூட பையிலிருந்து வரவில்லை.

திரும்பும் வழியில் பெண்கள் சிலர். கம்பு, சாப்பாட்டுத் தூக்கு, ரப்பர் செருப்பு. வசந்த சேனா. 2002-இல் தொடங்கிய காவல். முறை வைத்துக் காட்டுக்குள் நடந்து திரும்புகிறார்கள். கூலி கிடையாது. சந்தன மரத்தை எண்ணுகிறார்கள். "சேச்சி, புலி பார்த்திருக்கீங்களா?" என்று செக்ரட்டரி கேட்கிறார். மூத்தவள் அவருடைய காலைப் பார்க்கிறாள். காட்டுகிறாள். துணி உறையின் விளிம்பில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருக்கிறது.

கூச்சல், உப்பு, சிரிப்பு.

சாயங்காலம் குமுளிக் கடைவீதி. ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை, தேன், யூகலிப்டஸ் தைலம். கடை வாசலில் சாக்கு வாய்கள் மடித்துத் திறந்திருக்கின்றன. புத்தடியிலும் போடியிலும் ஏலம் எடுக்கப்படும் ஏலக்காய், விலைச்சீட்டோடு. இவற்றில் சில சரக்கின் வழி மட்டாஞ்சேரிதான். சுள்ளிக்கல்காரர்கள் நூறு கிராம், இருநூறு கிராம் என்று பொட்டலம் கட்டி வாங்குகிறார்கள். சுக்குக் கிடங்குப் பெண் ஒரு பிடி மிளகை அள்ளிக் கையில் உருட்டுகிறாள். காதருகே குலுக்கிப் பார்க்கிறாள்.

"ஈரம்."

கடைக்காரர் சாக்கை மூடுகிறார். அடுத்த சாக்கைத் திறக்கிறார்.

அப்பத்தா கடைவீதியில் இல்லை. சோதனைச் சாவடியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். கேரளத் தடுப்பு, கொஞ்சம் இடைவெளி, தமிழ்நாட்டுத் தடுப்பு. நடுவில் ஒரு ஆடு. போலீஸ்காரர் அவளைப் பார்க்கிறார். அவள் போலீஸ்காரரைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் தள்ளுவண்டியில் பன்னீர் திராட்சை. துணிப்பையை விரிக்கிறாள். அது காலியாக இருந்திருக்கிறது. ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, வேறு குலை கேட்கிறாள். விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்கிறாள். தள்ளுவண்டிக்காரர் "எந்த ஊரும்மா?" என்கிறார்.

"கம்பம்."

ஐந்து ரூபாய் குறைகிறது.

வேன் கிளம்பும்போது இருட்டு. குட்டிக்கானத்தில் பனி. செக்ரட்டரி உள்விளக்கைப் போட்டு நோட்டைத் திறக்கிறார். டீசல், பார்க்கிங், நுழைவு, படகு, வழிகாட்டி, டிரைவர் படி. பையனுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று ஒரு தகராறு. காட்டு நடைக்குப் பேர் கொடுத்து வராத நான்கு பேரின் பணம் பற்றி இன்னொரு தகராறு. புலி தெரியவில்லை, கழிக்கவேண்டும் என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். யானையின் பின்பக்கத்துக்குப் பாதி என்று வேறொரு குரல். அடுத்த வருடம் கபினி என்கிறார் டிரைவர். அதிரப்பள்ளி போதும் என்கிறார்கள் பெண்கள்.

திராட்சை வரிசை வரிசையாகக் கைமாறி வருகிறது. காலையில் பாலிதீன் கவர்கள் போன வழி. செக்ரட்டரிக்கும் ஒரு கொத்து. பேனாவைக் காதில் செருகிவிட்டு வாங்கிக்கொள்கிறார்.

"அம்மச்சி, முந்திரிங்ஙக்கு எத்ரயாயி?"

"அத எழுதாத."

"கணக்கு கணக்காணு."

"எழுதாதங்கறேன்ல."

திராட்சைக்கு மலையாளத்தில் முந்திரி. அவர் ஏற்கெனவே 'முந்திரி' என்று எழுதிவிட்டிருக்கிறார். ஒரு கோடு போட்டு அடிக்கிறார். வாயில் ஐந்தாறு விதை சேர்ந்துவிட்டது. ஜன்னலைத் திறக்கிறார். பின் வரிசையிலிருந்து குளிருது, மூடு என்று மூன்று பேர் கத்துகிறார்கள்.